மூக்கு ஸ்பிரே ஏமாத்து வேலையா? அடுக்குத் தும்மலுக்கு மாத்திரை, ஸ்பிரே, சொட்டு மருந்து

அடுக்குத்தும்மல் | 4 டிசம்பர் 2025, காலை 6:40

மார்கழி இன்னும் பிறக்கல, அதுக்குள்ள காலைல எழுந்ததும் பதினஞ்சு இருபது தும்மல், மூக்குல தண்ணி, அப்புறம் ஒரு பக்கம் அடைப்பு. லீவோசெட்ரிசின்-மான்டெலுகாஸ்ட் மாத்திரை போட்டா அன்னிக்கு நிக்குது. ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே மூணு நாள், தினம் ஒரு வேளை, துளைக்கு ரெண்டு தடவை அடிச்சாச்சு. ஒண்ணும் கேக்கல. என் முடிவு: மாத்திரைதான் மருந்து, ஸ்பிரே ஏமாத்து வேலை. மறுக்கறவங்க மறுக்கலாம்.

மாத்திரை அட்டை | 4 டிசம்பர், காலை 9:10

மறுக்கிறேன். மூன்று நாளில் ஸ்பிரேக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

அலர்ஜியின்போது உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை மாத்திரை அடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல் அடங்கும். ஆனால் அடைப்பை அவ்வளவாகத் தொடாது. அடைப்புக்குக் காரணம் உள்சதையின் வீக்கம். உங்கள் ஃப்ளூட்டிகசோன் மாதிரி ஸ்டீராய்டு ஸ்பிரே அந்த வீக்கத்தையே வற்ற வைக்கிற மருந்து. அரை நாளில் லேசாகத் தெரியலாம். முழுப் பலனுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், அதுவும் தினமும் அடித்தால். தும்முகிற அன்று மட்டும் அடிப்பது பசித்த பிறகு நெல் விதைக்கிற கதை.

எப்படி அடித்தீர்கள் என்று சொல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடியும்.

அடுக்குத்தும்மல் | 4 டிசம்பர், மாலை 7:22

தலைய நல்லா அண்ணாந்து, நேரா உள்ள விட்டு, அடிச்ச உடனே பலமா உறிஞ்சினேன். தொண்டைல இறங்குச்சு. ரோஜாப்பூ வாசனை வேற.

மாத்திரை அட்டை | 4 டிசம்பர், இரவு 9:45

அண்ணாந்ததும் தப்பு, உறிஞ்சியதும் தப்பு. ரோஜா வாசனை மட்டும் சரி. ஃப்ளூட்டிகசோன் புரோப்பியோனேட் கரைசலில் ஃபினைல்எத்தில் ஆல்கஹால் சேர்ப்பார்கள், அதன் மணம் அது. பிடிக்காவிட்டால் அதே வகையில் மொமெட்டாசோன் ஸ்பிரே கேளுங்கள். அதில் வாசனை இருக்காது.

நாளைக் காலை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் மூக்கைச் சிந்துங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். புதுப் பாட்டில் என்றால் காற்றில் ஐந்தாறு தடவை அழுத்தி, சீரான பனிமூட்டம் மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும் (மொமெட்டாசோனுக்குப் பத்து தடவை). இதைச் செய்யாவிட்டால் முதல் இரண்டு நாள் வெறும் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருப்பீர்கள். தலையைச் சற்றுக் குனியுங்கள், கால் கட்டைவிரல் தெரிகிற அளவுக்கு. இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. கை மாறினால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கும். அழுத்தும்போது பூ முகர்வது போல மெல்ல மூச்சிழுத்தால் போதும். மருந்து மூக்கிலேயே தங்க வேண்டும். தொண்டைக்கு வந்தது வயிற்றுக்குப் போகும், மூக்குக்கு உதவாது.

அடித்த பத்து நிமிடத்துக்குச் சிந்த வேண்டாம்.

மூக்குப்பொடி | 5 டிசம்பர், காலை 7:05

கை மாற்றச் சொன்னது காரணத்தோடு. நடுச்சுவரின் முன்பக்கத்தில் லிட்டில்ஸ் ஏரியா என்று ஒரு இடம். நாலைந்து ரத்தக் குழாய்கள் மெல்லிய தோலுக்கு அடியில் கூடுகிற முச்சந்தி. தினமும் அங்கேயே மருந்து பீய்ச்சினால் பொருக்குத் தட்டி ரத்தம் கசியும். "ஸ்பிரே அடிச்சா ரத்தம் வருது" என்று நிறுத்துகிறவர்களில் பலருக்குக் குற்றவாளி மருந்து இல்லை, அது விழும் கோணம். கசிந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு, முனையை வெளிப்புறம் திருப்பித் தொடங்கலாம். அப்படியும் நிற்கவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டவும்.

முனை அடைத்துக்கொண்டால் குண்டூசி விட்டுக் குடையாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் பனிமூட்டம் வராது, தாரையாகக் கொட்டும். கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் திறந்துகொள்ளும்.

வைகைக்கரை | 5 டிசம்பர், மதியம் 1:30

ஸ்டீராய்டுன்னு சொன்னாலே வீட்டுல பயப்படறாங்க. ஏழு வயசுப் பையனுக்கு டாக்டர் மொமெட்டாசோன் எழுதியிருக்கார். எலும்பு வளராதுன்னு மாமியார் சண்டை. மெடிக்கல்ல குடுத்த செட் மாத்திரை நல்லா கேட்டுச்சே, அதுவே போதும்ங்கறாங்க.

மாத்திரை அட்டை | 5 டிசம்பர், இரவு 10:20

அக்கா, உங்கள் மாமியார் பயப்பட வேண்டியது அந்த செட் மாத்திரையைப் பார்த்து. வெள்ளைக் கவரில் நாலு மாத்திரை வெட்டிப் போட்டுத் தருகிறார்களே, அதில் பொடி சைஸில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன். அதனால்தான் மந்திரம் போட்ட மாதிரி கேட்கிறது. பீட்டாமெத்தசோன் மாத்திரை ஒன்று 0.5 மில்லிகிராம், அதாவது 500 மைக்ரோகிராம். விழுங்கினால் உடம்பு முழுக்கப் போகும்.

உங்கள் பையனுக்கு மொமெட்டாசோன் துளைக்கு ஒரு தடவை, நாளுக்கு மொத்தம் 100 மைக்ரோகிராம். அதில் விழுங்கப்பட்டதைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிடுவதால் ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். ஃப்ளூட்டிகசோனிலும் இரண்டு சதவீதத்துக்குக் குறைவுதான்.

வளர்த்திக் கவலை முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். மாதக்கணக்கில் அடிக்கும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து குறித்து வையுங்கள். கட்டுப்பட்டதும் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். அவன் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரும் எடுக்கிறான் என்றால் இரண்டு ஸ்டீராய்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கு எல்லா ஸ்பிரேக்கும் பொருந்தாது. பீட்டாமெத்தசோன் மூக்குச் சொட்டு நிறையவே ரத்தத்தில் சேரும். எச்ஐவிக்கு ரிட்டோனாவிர் எடுப்பவர்களுக்கு ஃப்ளூட்டிகசோன் உடையாமல் உடம்பில் தேங்கும். அவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

மாத்திரை அட்டை | 7 டிசம்பர், மாலை 4:00

மாத்திரை பற்றித் தனிச்செய்தியில் நிறையக் கேள்வி. மொத்தமாக இங்கே.

குளோர்ஃபெனிரமின் (சிபிஎம்), ஃபெனிரமின் (அவில்): பழைய தலைமுறை. மூளைக்குள் போவதால் தூக்கம். வாய் உலரும். புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண்நோய் இருந்தால் கண் அழுத்தம் ஏறும். இரவு போட்டாலும் காலையில் மந்தம் மிச்சமிருக்கும். தினசரி அலர்ஜிக்கு இன்று இதற்கு வேலையே இல்லை.

செட்ரிசின் 10 மி.கி: மலிவு, வேகம். பத்தில் ஒருவருக்காவது தூக்கம் வரும். லீவோசெட்ரிசின் 5 மி.கி என்பது அதே மருந்தின் வேலை செய்யும் பாதி. ஆகவே பகலில் செட்ரிசின், இரவில் லீவோசெட்ரிசின் என்று போடுகிறவர் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகப் போடுகிறார். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறைய வேண்டும்.

லோராட்டடின் 10, டெஸ்லோராட்டடின் 5, பிலாஸ்டின் 20, ஃபெக்ஸோஃபெனடின் 180: தூக்கம் குறைவு. லாரி, பஸ் ஓட்டுபவர், மெஷினில் நிற்பவர் இந்தப் பக்கம் வரலாம். பிலாஸ்டினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ. டிபனோடு போட்டுவிட்டு "வேலை செய்யல" என்பவர்கள் ஏராளம்.

ஃபெக்ஸோஃபெனடினை வெறும் தண்ணீரில் மட்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் ஜூஸ் குடலில் அதை உள்ளே ஏற்றும் வாகனத்தையே தடுத்துவிடும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அல்சர் டானிக்கும் அப்படியே, இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

மூக்குப்பொடி | 7 டிசம்பர், மாலை 6:12

ஃபெக்ஸோ 180 தானா? மூக்குக்கு 120 இல்லையா?

மாத்திரை அட்டை | 8 டிசம்பர், காலை 8:30

பிடித்துவிட்டீர்கள். ஐரோப்பிய முறையில் மூக்குக்கு 120, தோல் தடிப்புக்கு 180. அமெரிக்காவில் மூக்குக்கே 180 ஒரு வேளை. நம் ஊர்க் கடையில் இரண்டும் கிடைக்கும். 120-ல் தொடங்குங்கள்.

இதன் பூர்வீகமும் சொல்ல வேண்டியது. முதலில் டெர்ஃபெனடின் வந்தது. எரித்ரோமைசின், கீட்டோகொனசோல் மாதிரி மருந்தோடு சேர்ந்தால் அது உடையாமல் தேங்கி இதயத் துடிப்பைக் குலைத்தது. 1998-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. உடம்பு அதை உடைத்துச் செய்யும் பொருளைத் தனியே எடுத்தால் இதயத் தொல்லை இல்லை, பலன் மட்டும் உண்டு. அதுதான் ஃபெக்ஸோஃபெனடின். அப்பன் சிறைக்குப் போனான், பிள்ளை நல்ல பெயர் எடுத்தான்.

அடுக்குத்தும்மல் | 9 டிசம்பர், இரவு 8:15

அப்ப என் மான்டெலுகாஸ்ட்?

மாத்திரை அட்டை | 9 டிசம்பர், இரவு 9:50

வேண்டவே வேண்டாம். மூக்குக்கு மட்டும் என்றால் லீவோசெட்ரிசினோடு அதைச் சேர்ப்பதால் கிடைப்பது கொஞ்சம். சரியாக அடித்த ஸ்டீராய்டு ஸ்பிரே ஒன்றே அந்த ஜோடியைவிட நன்றாக வேலை செய்யும். 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மான்டெலுகாஸ்ட் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரலாம் என்றும், மூக்கு அலர்ஜிக்கு மற்றவை பலிக்காதபோது மட்டும் கொடுங்கள் என்றும்.

மாத்திரை அட்டை | 10 டிசம்பர், காலை 7:40

நேற்று இரவு "வேண்டவே வேண்டாம்" என்று எழுதியது அதிகப்படி. ஆஸ்துமாவும் சேர்ந்தவருக்கு மான்டெலுகாஸ்டுக்கு நியாயமான இடம் உண்டு. மூச்சிரைப்புக்காக எழுதப்பட்டிருந்தால் என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு எழுதியிருந்தால் தூக்கமும் குணமும் மாறுகிறதா என்று வீட்டில் கவனிக்க வேண்டும். மாறினால் அன்றே டாக்டருக்குப் போன்.

இன்னொன்று. செட்ரிசினோ லீவோசெட்ரிசினோ மாதக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அரிதாகச் சிலருக்கு உடம்பெல்லாம் கடும் அரிப்பு வரும். 2025 மே மாதம் அதே அமைப்பு எச்சரித்தது. "நிறுத்தினால் அலர்ஜி கூடுகிறது" என்று மறுபடி மாத்திரைக்கே போகிறவர்கள் இதையும் நினைவில் வைக்கவும்.

வைகைக்கரை | 12 டிசம்பர், மாலை 5:05

வீட்டுக்காரருக்கு மூக்கடைப்புச் சொட்டு மருந்து இல்லாம தூக்கமே இல்ல. ரெண்டு வருஷமா. சட்டைப்பைல ஒண்ணு, தலையணைக்கடியில ஒண்ணு.

மூக்குப்பொடி | 12 டிசம்பர், இரவு 7:30

சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம் தானே? அது ரத்தக் குழாயைச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கும்போதெல்லாம் குழாய் முன்னைவிடப் புடைக்கும். அதை அடக்க மறுபடி சொட்டு. கடனை அடைக்கக் கடன் வாங்குகிற வட்டிக்கணக்கு.

மீள வழி உண்டு. ஸ்டீராய்டு ஸ்பிரேயை இரண்டு துளையிலும் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு துளைக்கு மட்டும் சொட்டை நிறுத்த வேண்டும். அந்தப் பக்கம் சில நாள் அடைத்தே கிடக்கும், மறுபக்கம் மூச்சு ஓடும், ஆகவே தூங்கலாம். முதல் பக்கம் திறந்ததும் அடுத்ததை நிறுத்தலாம். ரத்த அழுத்தம், இதய நோய் இருந்தால் டாக்டர் மேற்பார்வையில்.

இப்படிப் புடைத்த உள்சதையைப் பார்த்துத்தான் பலருக்கும் "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று சொல்லப்படுகிறது. உண்மையான சதை வளர்ச்சி, அதாவது பாலிப், தோல் உரித்த திராட்சை போல வெளிறி இருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்காது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் எது என்று கேளுங்கள்.

மாத்திரை அட்டை | 13 டிசம்பர், காலை 9:00

சளி மாத்திரைகளையும் இதோடு முடித்துவிடுவோம். பாராசிட்டமால், சிபிஎம், ஃபினைலெஃப்ரின் என மூன்று நான்கு சேர்ந்தது. விழுங்கும் ஃபினைலெஃப்ரின் குடலிலேயே பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. 2023 செப்டம்பரில் அமெரிக்க நிபுணர் குழு அது அடைப்புக்குப் பயனில்லை என்றது, 2024 நவம்பரில் அதை நீக்க முன்மொழிவும் வந்தது. இங்கே 2023 டிசம்பரில், சிபிஎம்-ஃபினைலெஃப்ரின் சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொன்னார்கள். அலர்ஜிக்குக் காய்ச்சல் கிடையாது. பாராசிட்டமால் எதற்கு?

மூக்குப்பொடி | 13 டிசம்பர், காலை 9:25

காய்ச்சல் இல்லாததற்குத்தானே வெள்ளைக்காரன் ஹே ஃபீவர் (வைக்கோல் காய்ச்சல்) என்று பேர் வைத்தான். 1819-ல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் டாக்டர் தனக்கே இருந்ததை எழுதிவைத்தார். வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை, புல் மகரந்தம்தான் என்று பிறகு சார்லஸ் பிளாக்லி தன் மேலேயே சோதித்து நிறுவினார். நம் ஊரில் தூசிப்பூச்சி, பூஞ்சை, பார்த்தீனியம், சீமைக்கருவேலப் பூ. வருடம் முழுக்கத் திருவிழா.

மாத்திரை அட்டை | 15 டிசம்பர், மாலை 6:30

மூக்கைக் கழுவ உப்புத் தண்ணீர். மருந்தில்லாத மருந்து. 250 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தது மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. ஆர்ஓ தண்ணீரும் கிருமியற்றது அல்ல. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை நேத்திக் கெண்டியில் (மூக்குக் கழுவும் கெண்டி) ஊற்றிய இருவர் மூளை தின்னும் அமீபாவால் இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா, மூக்கு வழி போனால்தான் கொல்லும். கேரளச் செய்திகளைப் படித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சோம்பேறிகளுக்கு: மெடிக்கலில் 100 மில்லி நார்மல் சலைன் (0.9 சதவீத உப்புக் கரைசல்) பாட்டில், ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சு. திறந்த பாட்டிலை அன்றோடு தூக்கிப் போடவும்.

முதலில் கழுவல், பத்து நிமிடம் கழித்து ஸ்பிரே. மாற்றிச் செய்தால் மருந்தைக் காசு கொடுத்து வாஷ்பேசினுக்கு ஊற்றுகிறீர்கள்.

மாத்திரை அட்டை | 15 டிசம்பர், இரவு 9:15

உப்பு அளவில் திருத்தம். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சுமார் 6 கிராம். அரை என்றால் 3 கிராம், 250 மில்லியில் 1.2 சதவீதம். ஆபத்தில்லை, ஆனால் எரியும். 0.9 சதவீதத்துக்கு 2.25 கிராம் போதும், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைய. தலை தட்டிய கரண்டியால் அளக்கவும். கல் உப்பைக் கரண்டியில் அளந்தால் கணக்கு தப்பும். இடித்துத் தூளாக்கிவிட்டு அளங்கள்.

அடுக்குத்தும்மல் | 19 டிசம்பர், காலை 6:30

ரெண்டு வாரம் ஆச்சு. இன்னிக்கு ரெண்டே தும்மல். ஏமாத்து வேலைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா கண்ணு மட்டும் அரிக்குது.

மாத்திரை அட்டை | 19 டிசம்பர், காலை 9:05

நாளை முதல் துளைக்கு ஒரு தடவையாகக் குறைக்கலாம். திரும்பினால் மறுபடி இரண்டு.

கண்ணுக்கு ஓலோபட்டடின் 0.1 சதவீத சொட்டு, காலை ஒன்று மாலை ஒன்று. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு விடுங்கள், பதினைந்து நிமிடம் கழித்து மாட்டலாம். கண் சிவப்புக்கென்று கடையில் கேட்டு டெக்ஸாமெத்தசோன் கலந்த சொட்டை மட்டும் வாங்காதீர்கள். ஸ்டீராய்டு மூக்கில் நண்பன், கண்ணில் டாக்டர் பார்வையில்லாமல் எதிரி. கண் அழுத்தம் வலியே இல்லாமல் ஏறும்.

வைகைக்கரை | 27 டிசம்பர், மாலை 3:40

பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கணும், பரண் இறக்கணும். எனக்கே தும்மல் பிச்சுக்கும். அன்னிக்குக் காலைல ஸ்பிரே அடிச்சா போதுமா?

மாத்திரை அட்டை | 27 டிசம்பர், இரவு 8:10

போதாது. பரண் இறக்கும் தேதியிலிருந்து இரண்டு வாரம் பின்னால் எண்ணி, அன்றே தொடங்க வேண்டும். ஜனவரி 10 என்றால் நீங்கள் இன்றே ஆரம்பிக்கணும் அக்கா. அன்று காலை வேலைக்கு ஒரு மணி நேரம் முன் தூக்கம் வராத மாத்திரை ஒன்று. ஸ்டூலில் ஏறப்போகிறீர்கள், சிபிஎம் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். என்95 மாஸ்க். ஒட்டடையை ஈரத்துணி சுற்றிய கம்பால். முடிந்ததும் தலைக்குக் குளியல், மூக்குக் கழுவல். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துத் தாங்களாக எதுவும் எடுக்க வேண்டாம். அவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் பியூடசொனைடு ஸ்பிரேயைத் தேர்வார்கள்.

மூக்குப்பொடி | 12 ஜனவரி 2026, காலை 10:00

நாளை மறுநாள் போகி. புகையால் வரும் மூக்கொழுகல் எரிச்சல், அலர்ஜி அல்ல. செட்ரிசின் பெரிதாக உதவாது. அசிலாஸ்டின் ஸ்பிரே (ஹிஸ்டமினைத் தடுக்கும் வகை) இதற்கும் கேட்கும், கால் மணி நேரத்தில். கசக்கும், தலையைக் குனிந்தே அடிக்கவும். அசிலாஸ்டின்-ஃப்ளூட்டிகசோன் கலவை துளைக்கு ஒரு தடவை, காலை மாலை. தனி ஸ்பிரே பலிக்காதவர்களுக்கு அடுத்த படி அதுதான். நம் ஊர் சிப்லா முதலில் செய்தது, மேடா என்ற நிறுவனம் உரிமம் வாங்கி 2012-ல் அமெரிக்காவில் டைமிஸ்டா என்று அனுமதி பெற்றது.

அதுவும் பலிக்காவிட்டால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை, பிறகு மூன்றிலிருந்து ஐந்து வருடம் தடுப்பு ஊசி. சோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் வகையை நிறுத்தணும், இல்லாவிட்டால் எதைக் குத்தினாலும் தடிக்காது. ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. ஒரே பக்க அடைப்பு, ஒரே பக்க ரத்தம் என்றால் இந்த இழையை மூடிவிட்டு நேரே டாக்டர்.

அடுக்குத்தும்மல் | 18 ஜனவரி, காலை 6:50

மூணு நாளா மறுபடி தும்மல். ஒரு நாள் கூட விடல, கை மாத்தி, குனிஞ்சுதான் அடிக்கறேன். பாட்டில் தீரல, குலுக்கினா சத்தம் கேக்குது.

மாத்திரை அட்டை | 18 ஜனவரி, காலை 9:20

பாட்டிலில் 120 தடவை என்று போட்டிருக்கும். முதல் மூன்று நாளில் 12. டிசம்பர் 5 முதல் 19 வரை 15 நாள், நாளுக்கு நாலு, 60. ஆக 72. மிச்சம் 48, நாளுக்கு இரண்டு வீதம் 24 நாள். ஜனவரி 12-ஆம் தேதியே மருந்து தீர்ந்துவிட்டது. இப்போது குலுங்குவது குழாய்க்கு எட்டாத அடிமிச்சம், அரைகுறையாகத்தான் வரும். தூக்கிப் போடுங்கள். அடுத்த பாட்டிலில் திறந்த தேதியை பேனாவால் எழுதி வையுங்கள், முதல் ஆறு தடவையைக் காற்றில் அடியுங்கள்.